பாதாள சாக்கடை: குழி தோண்டும் முன் சொல்ல வேண்டியவை

சென்ற மாதம் ஒரு நாள் ஃபஜ்ர் தொழுகைக்கு வந்த பெரியவர் ஒருவர், கைலியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுகொண்டு, "ஹஜ்ரத், தெரு முக்குல இருந்து பள்ளிப் படிக்கட்டு வரைக்கும் சாக்கடைத் தண்ணி நிக்குது. மிதிச்சுட்டுத்தான் வந்தேன். காலைக் கழுவிக்கிறேன், கைலியில தெறிச்சதுக்கு என்ன சட்டம்?" என்று கேட்டார்.

தெருச்சேற்றைப் பற்றி ஃபிக்ஹு நூல்களில் தனிப் பேச்சே உண்டு. மழைக்காலத்தில் நடந்து போகிறவர் மீது தெறிக்கும் சேற்றில் தவிர்க்க முடியாத அளவுக்கு மன்னிப்பு இருக்கிறது. ஆனால் அன்று தேங்கி நின்றது மழைச்சேறு இல்லை. கழிவறைத் தண்ணீர் என்பது கண்ணுக்கும் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. பள்ளியில் இருந்த வேறொரு கைலியை எடுத்துக் கொடுத்தேன். உடுத்தி முடித்தவர், "சரி ஹஜ்ரத், இது இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றார்.

அதற்கு நான் ஓதிய எந்தக் கிதாபிலும் பதில் இல்லை. எங்கள் கவுன்சிலரிடமும் இல்லை. குழி தோண்டிய இடத்தில் நின்ற மேஸ்திரியிடம் கேட்டால், "எனக்குக் குழாய் போடத்தான் சொல்லியிருக்காங்க பாய்" என்கிறார். எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குக் குழாய் இறக்கி 14 மாதங்கள் ஆகின்றன. அந்த 14 மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த எழுத்துபூர்வமான தகவல் ஒரே ஒரு துண்டுச் சீட்டு. வைப்புத்தொகை கட்டுங்கள் என்று அதில் இருந்தது. எவ்வளவு ஆழம், எந்த வழியாகப் போகிறது, எப்போது இணைப்பு, சாலையை யார் போடுவார்கள், வீட்டில் இருக்கும் செப்டிக் டேங்கை என்ன செய்வது, எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் நகராட்சிகள் பலவற்றில் இந்தத் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது அல்லது நடந்து முடிந்து சாலை போடுவதற்காகக் காத்திருக்கிறது. ஊரின் பெயரை மாற்றிக்கொண்டால் நான் சொல்வதை உங்கள் ஊர்க் கதையாகவே படிக்கலாம். மக்களிடம் பேசினால் பெரும்பாலோர் திட்டத்தை எதிர்க்கவில்லை. "வேண்டாம்" என்று சொன்ன ஒருவரைக் கூட எங்கள் மஹல்லாவில் நான் பார்க்கவில்லை. கழிவுநீர் லாரிக்கு வருடா வருடம் பணம் கொடுத்துச் சலித்தவர்கள்தான் எல்லோரும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் பத்தடி கூட இடைவெளி இல்லாத வீடுகள் எங்கள் பழைய தெருக்களில் அதிகம். அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆக, திட்டம் வேண்டும். என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இந்தக் கோரிக்கையைச் சிலர் ஒரு மரியாதைப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். "ஜனங்களுக்குச் சொல்லியிருந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா வேலை நடக்கிறதுதானே முக்கியம்" என்று என் நண்பரான ஒரு ஓய்வு பெற்ற அரசு ஊழியரே சொன்னார். பாதாள சாக்கடையைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு தவறு என்பது எங்கள் பள்ளி வாசலில் தண்ணீர் தேங்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. நான் படித்தது பி.ஏ. வரலாறு. பொறியியல் தெரியாது. ஆனால் புரிந்துகொள்ள முடியாத விஷயம் எதுவும் இதில் இல்லை.

குடிநீர்க் குழாயில் தண்ணீர் அழுத்தத்தால் ஓடுகிறது. மேடோ பள்ளமோ ஏறிப் போகும். சாக்கடைக் குழாயில் கழிவு தன் எடையால், சரிவில்தான் ஓட வேண்டும். மெதுவாக ஓடினால் கசடு அடியில் படிந்துவிடும் என்பதால், குறைந்தது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தெருக்களில் போடும் 200 மில்லிமீட்டர் குழாய்க்கு அந்த வேகம் கிடைக்க ஏறத்தாழ 250 அடிக்கு ஓர் அடி சரிவு தேவை. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் 4 மீட்டர் இறங்கிவிடும். தெருத் தொடக்கத்தில் இடுப்பளவு தோண்டியவர்கள் பள்ளிவாசல் பக்கம் வரும்போது ஆள் மறையும் ஆழத்துக்குத் தோண்டியது ஏன் என்று இப்போது தெரிகிறது. அன்று அது தெரியாமல், "எங்க வீட்டுச் சுவரைச் சாய்க்கத்தான் இப்படித் தோண்டுறாங்க" என்று ஓர் அம்மா அழுதார்கள். அவர்களுக்கு ஒருவர் ஐந்து நிமிடம் நின்று விளக்கியிருந்தால் போதும்.

இப்படி இறங்கிக்கொண்டே போகும் குழாய் ஒரு கட்டத்தில் பம்பிங் ஸ்டேஷனில் சேர வேண்டும். அங்கிருந்து மேலே ஏற்றிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த இரண்டும் தயாராகும் வரை தெருவில் புதைத்த குழாய் முனை அடைத்த பாத்திரம் போன்றது. அதில் எதையும் ஊற்றக் கூடாது.

இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வைப்புத்தொகை கட்டியாயிற்று, வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது, செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. ஒரு பிளம்பர் வந்து, "நான் சேர்த்து விடுறேன்" என்கிறார். சேர்த்துவிட்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவராகச் சுமார் இருபது வீடுகள். அவர்களைத் திருட்டு இணைப்பு கொடுத்தவர்கள் என்று இப்போது நகராட்சியில் பேசுகிறார்கள். பணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்திருப்பவர் தன்னைத் திருடன் என்று எப்படி நினைப்பார்?

கணக்கைப் பாருங்கள். பாதாள சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றும் வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் இருந்து ஒரு நாளைக்கு 540 லிட்டர். இருபது வீட்டுக்கு 10,800 லிட்டர். 200 மில்லிமீட்டர் குழாய் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு முழுவதும் நிரம்பினாலும் கொள்வது சுமார் 31,000 லிட்டர்தான். மேன்ஹோல்களில் தேங்குவதைச் சேர்த்தாலும் சில நாட்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீருக்குப் போக இடம் கிடையாது. தாழ்வான இடத்து மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எங்கள் மஹல்லாவில் தாழ்வான இடம் பள்ளிவாசல் முனை.

ஆகவே, சாக்கடைத் திட்டத்தில் குடியிருப்பவரும் இயந்திரத்தின் ஓர் உறுப்பு. கடைசிப் பத்தடி அவர் வீட்டுக்குள் இருக்கிறது. அவர் எப்போது இணைக்க வேண்டும், மொட்டை மாடி மழைநீரை இதில் விடக் கூடாது, செப்டிக் டேங்கைக் காலி செய்து மூட வேண்டும், நாப்கினும் துணியும் போடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாவிட்டால் கோடிக்கணக்கில் செலவழித்த குழாய் அடைத்துக்கொள்ளும். அவருக்குச் சொல்வதும் குழாய் பதிப்பதைப் போலவே திட்டத்தின் ஒரு வேலை. மதிப்பீட்டில் குழாய்க்கும் சிமெண்டுக்கும் தொகை ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டு செய்த ஊர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி; 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. 1996-ல் அங்கே நகராட்சித் தலைவராக ஆர்.எஸ். பாரதி வந்தபோது வீடுகள் எல்லாம் செப்டிக் டேங்கை நம்பியிருந்தன. பாதாள சாக்கடைக்கு ஆன செலவு சுமார் 34 கோடி ரூபாய். அந்தக் காலத்தில் அந்த அளவு நகராட்சிக்கு அது தாங்காத தொகை. ஒரு பகுதியை மக்களிடமே முன்பணமாகக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய். 1990-களின் கடைசியில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு குழியும் தோண்டாத நிலையில் மக்கள் கட்டினார்கள். காரணம் ஒன்றும் மாயமில்லை. பணம் கட்ட விருப்பமா, எவ்வளவு கட்ட முடியும் என்று முதலில் வீட்டுவசிகளிடம் கணக்கெடுத்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். கூட்டம் போட்டு, மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள். கட்டிய பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தார்கள். மீதித் தொகைக்கு தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் இருந்து கடன் வந்தது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் முதலீட்டில் கட்டினார்கள். இந்தியாவில் வேறு நகரங்களில் இருந்து அதிகாரிகள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு அந்தத் திட்டம் பேசப்பட்டது. ஆலந்தூரில் குறையே இருக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தோண்டிய தெருவில் அங்கேயும் மக்கள் சிரமப்பட்டிருப்பார்கள். ஆனால் எதற்காகச் சிரமப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அங்கே மக்களிடம் முதலில் பேசினார்கள், பிறகு பணம் கேட்டார்கள், அதற்குப் பிறகு தோண்டினார்கள். இன்று பல ஊர்களில் முதலில் தோண்டுகிறார்கள், பிறகு பணம் கேட்கிறார்கள். பேச்சு கடைசி வரை வருவதே இல்லை.

பேசாத இடத்தில் வதந்தி பேசும். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று விதமான வைப்புத்தொகை சுற்றியது. கட்டாதவர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிப்பார்கள் என்று ஒரு குரல் பதிவு வந்தது. சில தெருக்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், அது நம் ஆட்கள் அதிகம் இருக்கும் தெரு என்பதால்தான் என்று இன்னொன்று. கடைசியாகச் சொன்னதை நான் விசாரித்தேன். விடப்பட்ட தெரு மூன்று. அதில் ஒன்றில் நம்மவர்கள் இரண்டே வீடு. தெரு ஒடுக்கமாக இருப்பதால் ஜேசிபி நுழையவில்லை, கையால் தோண்ட வேண்டும் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரியை எழுதி ஒட்டியிருந்தால் ஒரு கசப்பு பிறந்திருக்காது. ஏற்கனவே பல காயங்களோடு இருக்கும் சமுதாயம் மௌனத்தைப் பாரபட்சம் என்றுதான் படிக்கும். அதற்காக ஆதாரமில்லாத பதிவை நூறு பேருக்கு அனுப்புவது சரியாகிவிடாது. அனுப்பிய தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அழித்துவிட்டார். அதற்குள் எத்தனை பேர் கேட்டார்களோ.

இதைப் படிக்கும் பலர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிறீர்கள். உங்களைத் தனியாகப் பாதிக்கும் விஷயம் ஒன்று. வைப்புத்தொகைப் படிவத்தோடு சொத்து வரி ரசீது கேட்கிறார்கள். எங்கள் மஹல்லாவில் பாதி ரசீதுகள் காலமாகிவிட்ட வாப்பா பெயரிலும், அப்பா பெயரிலும் இருக்கின்றன. பாகப்பிரிவினை ஆன வீட்டில் ஒரே ரசீதில் மூன்று குடும்பம். இணைப்பு ஒன்றா மூன்றா? வீட்டில் இருக்கும் பெண்களிடம் கையெழுத்து கேட்கிறார்கள், அவர்கள் உங்களுக்கு ஃபோன் போடுகிறார்கள், உங்களுக்கும் தெரியவில்லை. பகல் பதினொரு மணிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் அதைக் கேட்பவர்கள் இந்தப் பெண்கள்தான். கூட்டம் போட்டால் அழைக்கப்படுவதோ ஆண்கள் மட்டும். இதில் ஜமாஅத்தின் தவறும் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவருக்குத்தான் தகவல் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றால் மனு போட்டுக் கேட்பது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் 4-ஆவது பிரிவு கேட்காமலே சொல்ல வேண்டியதைப் பற்றியது. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அது தொடர்பான விவரங்கள் எல்லாவற்றையும் அலுவலகம் தானாக வெளியிட வேண்டும். முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுபவர்களுக்குச் சொல்ல வேண்டும். எப்படி வெளியிடுவது என்பதையும் அது விட்டுவைக்கவில்லை. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு, அந்தப் பகுதியில் எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில் தெரிவிக்க வேண்டும். அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் எல்லாம் அதில் அடங்கும். "வெப்சைட்ல இருக்கு பாய்" என்று சொல்லி அனுப்பும் எழுத்தருக்கு இதைக் காட்டலாம். ஆங்கிலத்தில், பல நூறு பக்கத்தில் இருக்கும் ஒரு திட்ட அறிக்கையை எங்கள் தெருப் பெரியவர் எந்த ஃபோனில் திறப்பார்?

அதே சட்டத்தில் தகவல் என்பது காகிதம் மட்டுமல்ல. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. பள்ளத்தை மண் போட்டு மூடும்போது சரியாக இடித்து இறுக்குகிறார்களா என்று பார்ப்பவரை, "உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்று விரட்ட முடியாது.

இன்னொரு வாசல் பகுதி சபா. கிராமத்துக்கு கிராம சபை போல நகரத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபாவும். 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் தொடங்கினார்கள், முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்தார். எங்கள் வார்டில் இது கூடுகிறதா என்று விசாரித்தபோது கூடியதாகப் பதிவேட்டில் இருப்பது தெரிந்தது. போனவர்கள் யார் என்று கேட்டால் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, தெருவில் ஆள் இல்லை. கவுன்சிலரைக் குறை சொல்லும் முன், அப்படி ஒரு சபை இருப்பதே என்னையும் சேர்த்து எங்கள் நிர்வாகிகள் ஒருவருக்கும் தெரியாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நிக்காஹ் மண்டபக் கணக்குக்கு நள்ளிரவு வரை கூட்டம் போடுகிற நாங்கள்.

பள்ளி வாசலில் தண்ணீர் தேங்கிய அன்று காலை பத்து மணிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அடைப்பு எடுக்க என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் மோதினார் ஓடிப்போய் மேன்ஹோல் மேலேயே நின்றுகொண்டார். "இறங்காதே தம்பி, மெஷின் வரட்டும்" என்றார். கூட்டி வந்தவருக்குக் கோபம். "உங்க பள்ளிக்காகத்தான் செய்றோம்" என்றார்.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பின்றி சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை கூடிக்கொண்டே போகிறது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்தக் குழிக்குள் இருந்திருக்கக் கூடிய விஷவாயுவுக்கு வாசனையே தெரியாமல் போகலாம். உள்ளே போனவர் கூப்பிடக் கூட நேரம் இருக்காது. அந்தப் பிள்ளையின் நல்ல நேரம், மோதினார் அங்கே இருந்தார். இயந்திரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் தெருவில் எங்கேயும் எழுதப்படவில்லை. நான்கு இடத்துக்குப் பேசி, லாரி வரும்போது லுஹர் பாங்கு சொல்லியாகிவிட்டது.

அன்று மாலை ஜமாஅத் சார்பில் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினோம். புகார்ப் பட்டியல் வேண்டாம், கேள்விகள் மட்டும் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். எங்கள் தெருக் குழாய் எந்தப் பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகிறது, அந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இணைப்புக்கு எப்போது அனுமதி, கட்டிய பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, மாதக் கட்டணம் எவ்வளவு, தோண்டிய சாலையைப் போடுவது ஒப்பந்ததாரரா நகராட்சியா, அவசரத்துக்கு எந்த எண், இப்படி ஒன்பது. பக்கத்துத் தெருக் கோவில் நிர்வாகியும், மாதா கோவில் தெருச் சங்கத்துக்காரரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். சாக்கடைக்கு எல்லா வாசலும் ஒன்றுதான்.

பத்து நாள் கழித்து உதவிப் பொறியாளர் ஒருவர் அஸருக்குப் பிறகு வந்தார். பயந்துகொண்டே வந்தார் என்று பின்னால் சொன்னார். மதரஸா கரும்பலகையில் சாக்பீஸால் தெருவை வரைந்து, சரிவைக் காட்டி, மேலே நான் எழுதிய கணக்கை எல்லாம் அவர்தான் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பெண்கள் மாடியில் இருந்து கேட்டார்கள். மிகக் கூர்மையான கேள்வி அங்கிருந்துதான் வந்தது. "எங்க வீட்டுத் தரை ரோட்டை விட ஒன்றரை அடி பள்ளத்துல இருக்கு. கழிவறைத் தண்ணி எப்படி மேலே ஏறி வரும்?" பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போட்டதால் வந்த வினை அது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். பொறியாளர் அந்த வீட்டுக்கு நேரில் போய் மட்டம் பார்த்தார். குழாய் அதை விடவும் ஆழத்தில் இருப்பதால் இணைக்கலாம், ஆனால் தெருவில் அடைப்பு வந்தால் முதலில் அந்த வீட்டுக்குள்தான் ஏறும், தடுப்பு வால்வு வேண்டும் என்றார்.

ஒன்பது கேள்விகளில் ஐந்துக்குப் பதில் சொன்னார். நான்குக்கு, "எனக்கும் தெரியாது சார், மேலே கேட்டுத்தான் சொல்லணும்" என்றார். பம்பிங் ஸ்டேஷன் இடத்தில் ஒரு வழக்கு இருப்பதால் தேதி சொல்ல முடியாது என்றார். நாற்பது நிமிடம். கூச்சல் இல்லை. கடைசியில் டீ குடித்துவிட்டுப் போனார். தேதி தெரியவில்லை என்று ஒருவர் நேரில் வந்து சொன்னதை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். தேதி சொன்னால் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. பூமிக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. பழைய கேபிள் வரும், பாறை வரும், ஊற்று வரும். மூடிய பள்ளத்தில் மண் இறங்கி அமரும் முன்னால் தார் போட்டால் சாலை உள்வாங்கும் என்பதும் நியாயமான காரணமே. அவர் அதைச் சொன்ன பிறகு சாலையைப் பற்றிய கோபம் பாதியாகிவிட்டது.

இணைப்பு கொடுத்த இருபது வீட்டாரும் அந்த வாரமே தற்காலிகமாக அடைத்துவிட்டார்கள். செப்டிக் டேங்குக்கு மறுபடி லாரி. அவர்கள் மீது நடவடிக்கை வேண்டாம், தெரியாமல் செய்தது என்று ஜமாஅத் எழுதிக் கொடுத்திருக்கிறது.

தெரு முனையில் பலகை வைக்கிறேன் என்று பொறியாளர் சொன்னார். திட்டத்தின் பெயர், ஒப்பந்ததாரர், பொறுப்பு அதிகாரியின் எண், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இணைப்பு கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. பலகை இன்னும் வரவில்லை. அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று அவர் சொன்னதை ஓர் அட்டையில் எழுதி, கீழே தேதி போட்டு, பள்ளி வாசலிலும் மளிகைக் கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டியிருக்கிறோம். பதில் கிடைக்காத நான்கு கேள்விகளைப் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவாக அனுப்பியிருக்கிறோம். 30 நாள் அவகாசத்தில் இன்று 12-ஆவது நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கான தாளை எங்கள் மஹல்லாவில் பி.காம். படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி இப்போதே எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த பகுதி சபா எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறோம். தேதி சொன்னதும் ஜும்ஆவில் அறிவிப்போம். படிக்கட்டுப் பக்கம் ஈரம் இன்னும் காயவில்லை. செங்கல் அடுக்கிப் போட்டிருக்கிறோம், பெரியவர் அதில் கால் வைத்து வருகிறார்.